கிராணி வீட்டுப் புறாப்பூ

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ஆபீஸ் கணக்கு எழுதுகிற சபாபதிக் கிராணியின் வீட்டு உள்பக்கத்தைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தண்ணி ஊற்றுகிற தங்கராஜு ஒருத்தர், எப்போதாவது கதவு ஜன்னல் பார்க்க வருகிற சீனத் தச்சர் ஒருத்தர். அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லாம் படிக்கட்டுக்குக் கீழேயே நின்று "கிராணியாரே!" என்று குரல் கொடுத்து, வந்த சேதியைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். படியேறக் கூடாது என்று எந்தத் துரையும் சட்டம் போடவில்லை. போடாத சட்டத்தைத்தானே நம் சனம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்!

ஜொகூர்ப் பக்கம், ஆயர் ஈத்தாம் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, செம்மண் பாதையில் நடந்தால் வருகிற ரப்பர் தோட்டம் அது. மேட்டில் துரையின் பங்களா. கீழே ஆற்றோரம் கூலிகளின் வரிசை வீடுகள், லயம். நடுவில், இரண்டு பக்கமும் சேராமல், கிராணியின் பலகை வீடு. துரை பங்களாவில் விருந்து நடந்தால் கிராணிக்கு அழைப்பு கிடையாது. லயத்தில் காதுகுத்து நடந்தால் அழைப்பு உண்டு, ஆனால் அவர் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். பாட்டுப் பாடுகிறவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்விடுவான். நாலு தடவை அப்படி ஆனதும் அவரும் போவதை விட்டுவிட்டார். என்ன செய்வார், மனுசன்தானே.

அந்த வீட்டுக்குள்ளே காடு இருந்தது. நான் ஒன்றும் அளக்கவில்லை, நிஜமாகவே காடுதான். பெருமரங்களின் கிளையில் ஒட்டி வளருமே, துரைசாணி ஆர்க்கிட் என்பாளே, மலாய்க்காரர்கள் அங்ரேக் என்பார்களே, அந்தச் செடிகள். ரப்பர்ப்பால் பிடிக்கிற மங்குகளில் விளிம்பு உடைந்தவற்றை எடுத்து ஆணியால் ஓட்டை போட்டு, அடுப்புக்கரியும் தேங்காய் மட்டையும் திணித்து, உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். ஜன்னலோரம் சில, கட்டில் தலைமாட்டில் சில. படுக்கப் போனால் வேர் முகத்தில் உரசும்.

ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஈரத்துணியை எடுத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். துடைக்கும்போது பேச்சு வேறு. செடிகளுக்கெல்லாம் முறை வைத்திருந்தார். நீளக் கொத்தாக ஊதாப் பூ தொங்கவிடுகிறது சித்தி. வருசம் முழுக்க முறைத்துக்கொண்டு நின்று, பூக்கவே பூக்காதது பெரிய மாமன். பூவின் வயிறு பை மாதிரி தொங்குமே, அதற்குப் பேர் கங்காணியார்.

"என்ன சித்தி, இன்னிக்கு மூஞ்சி வாடிக் கெடக்கு? கங்காணியாரு ஏதும் சொன்னாரா?"

தண்ணீர் கொண்டு வந்த தங்கராஜு ஒருநாள் இதைக் கேட்டுவிட்டார். அன்று பொழுது சாயுமுன் லயம் முழுக்கச் சேதி போய்விட்டது. கிராணிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, கல்யாணம் கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று ஆளுக்கு ஆள் வைத்தியம் சொன்னார்கள். கட்டி வைக்க யார் இருக்கிறார்கள் என்று மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அதற்கு ஒரு ஆள் இருந்தாள், அது எல்லாருக்கும் தெரியும்.

அவள் பேர் வெள்ளையம்மா. சபாபதியின் கூடப் பிறந்த அக்கா. அதே தோட்டத்தில், ஆற்றோர லயத்தின் கடைசி வீட்டில், ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

சின்ன வயசுக் கதையைச் சொல்லும்போது கிராணியாரை 'அவன்' என்றுதான் சொல்ல வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சபாபதி அப்போது அரைஞாண் கயிறோடு திரிகிற பிள்ளை. ஆத்தா லயத்திலேயே ஒரு குழந்தை பெற்றாள். பச்சை உடம்பு, வெளியே போகாதே என்று எல்லாரும் சொல்லியிருந்தும், மழை வருகிறதென்று கொடித்துணி எடுக்க ஓடினாள். தொப்பலாக நனைந்தாள். குளிர் ஏறி ஜன்னி கண்டு போய்விட்டாள். குழந்தையும் பின்னாலேயே போயிற்று. அப்பன் கள்ளுக்கடையே கதி என்று கிடந்து, அவரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். வெள்ளையம்மா அப்போது பாவாடை கட்டுகிற பெண். ஆத்தாளின் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு பால்மரத்துக்குப் போனாள். தம்பியை ரயிலேற்றி ஜொகூர் பாருவில் கோயில் பண்டாரம் ஒருவர் வீட்டில் விட்டு, இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். பெண் கேட்டு வந்தவர்களிடம் "எந்தம்பி படிச்சு முடிக்கட்டும்" என்றாள். தம்பி படித்து முடித்தபோது பெண் கேட்டு வர ஆள் இல்லை.

ஜப்பான்காரன் வந்து போன பெரிய சண்டை முடிந்த பிறகு, அந்தத் தம்பி அதே தோட்டத்துக்குக் கிராணியாக வந்தான். வெள்ளையம்மா கால் தரையில் பாவவில்லை என்பார்கள்.

வந்த மறுநாள் முதல் பிரட்டு. பிரட்டு என்றால், விடியுமுன் தப்படித்து ஆட்களைக் கூட்டி, வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிறது. கூப்பிடுகிறவர் கிராணி. துரை கைத்தடியோடு பக்கத்தில் நிற்கிறார். லயத்தில் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார். லாந்தர் வெளிச்சத்தில் பேர் வாசித்துக்கொண்டே வந்த சபாபதிக்கு அக்காவின் பேர் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்கா என்று சொல்லலாமா? துரை என்ன நினைப்பார்? பயத்தில் குரல் வேண்டியதற்கு மேல் ஓங்கிவிட்டது.

"வெள்ளையம்மா!"

"வந்துட்டேங்க ஐயா" என்றாள் அக்கா. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அன்று முழுக்கச் சபாபதிக்கு உடம்பு கூசியது. தூக்கி வளர்த்தவளைப் பேர் சொல்லி அதட்டியாயிற்று, எந்த முகத்தோடு போய் நிற்பது என்று வீட்டிலேயே சுருண்டு கிடந்தார். நாலு நாள் போகட்டும், கோபம் ஆறட்டும் என்று நினைத்தார். நாலு நாள் நீண்டுகொண்டே போயிற்று. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சப்பாத்து மாட்டிக்கொண்டு, ஒரு பிஸ்கட் டின்னையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

வெள்ளையம்மா எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். புதுச் சாக்கை உதறி விரித்து, "உட்காருங்க ஐயா" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கடைக்கு ஓடவிட்டுச் சோடா வாங்கி வரச் சொன்னாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். அவள் திட்டியிருந்தால், ரெண்டு சாத்து சாத்தியிருந்தால்கூடச் சபாபதி பிழைத்துப் போயிருப்பார். மரியாதை கொடுத்தே கொன்றுவிட்டாள். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் போகவில்லை, அவளும் இவர் வீட்டுப் படி மிதிக்கவில்லை. தினம் விடியலில் பேர் கூப்பிடுகிறதும், "வந்துட்டேங்க ஐயா" என்கிறதும்தான் அக்கா தம்பி பேச்சு. வருசக்கணக்காக அப்படியே ஓடிற்று.

இப்போது செடிக் கதைக்கு வருகிறேன். தோட்டத்தின் பின்பக்கம் இருந்த பெருங்காட்டை அழித்துப் புதிதாக ரப்பர்க் கன்று வைக்கிறதென்று முடிவானது. மரங்களை வெட்டிச் சாய்த்துக் காயவிட்டு, பிறகு ஒரே மூச்சாகத் தீ வைப்பார்கள். வேலை பார்க்கப் போன கிராணி, சாய்ந்து கிடந்த மரங்களுக்கு நடுவே நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தாலும் தெரியாத உயரத்தில் இருந்த செடியெல்லாம் முழங்கால் பக்கத்தில் கிடந்தன. சில சாய்ந்த மரத்திலேயே இன்னும் பூத்துக்கொண்டிருந்தன, தீ வரப்போகிறது என்று தெரியாமல். முதல் நாள் ஒன்றைப் பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். தீ வைக்கும் நாள் நெருங்க நெருங்கச் சாக்குச் சாக்காகச் சுமந்தார்.

பரிதாபப்பட்டு எடுத்து வந்தார் என்று சொன்னால் பாதிதான் நிஜம். வெள்ளையம்மாவுக்குப் பூ என்றால் உயிர். அதிலும் புறாப்பூ. வெள்ளை வெளேரென்று, சின்னப் புறா சிறகு விரித்த மாதிரி இருக்கும், மலாய்க்காரர்களும் புறா என்றே பேர் வைத்திருக்கிறார்கள். வாசம் ஆளைத் தூக்கும். எப்போதோ ஒருநாள் காலையில் தோட்டத்து மரங்களில் எல்லாம் ஒரே நேரத்தில் பூக்கும், சாயங்காலத்துக்குள் வாடிவிடும். அந்த நாளில் வெள்ளையம்மா கொண்டையில் இடம் இல்லாமல் செருகிக்கொண்டு வேலைக்குப் போவாள். கிராணிக்கு அங்கேதான் யோசனை ஓடிற்று. வீட்டுக்குள் இருக்கிற புறாப்பூச் செடி, மரத்துச் செடிகளோடு சேராமல் தனியாக வேறொரு நாளில் பூக்கட்டும். அன்று தோட்டத்தில் எங்கேயும் பூ இருக்காது. இங்கே மட்டும் இருக்கும். வாசம் ஆற்றோரம் வரைக்கும் போகும். அக்கா வந்துதானே ஆகணும்! வந்தால், "உள்ள வாக்கா" என்று கூப்பிட ஒரு சாக்கு கிடைக்கும். படித்த மனுசனின் யோசனையைப் பாருங்கள்.

ஆனால் புறாப்பூ பூக்கவே இல்லை. தண்டு பருத்தது, இலை விட்டது, நுனியில் அரிசி மாதிரி மொட்டுகூடக் கட்டியது. கட்டிய மொட்டு கட்டியபடியே நின்றது. வெளியே மரங்களில் இரண்டு மூன்று தடவை பூத்து ஓய்ந்தும் இது அசையவில்லை. செடிக்கு உடம்பு பலவீனம் என்று முடிவு கட்டினார் கிராணி. பலவீனமான உடம்பை எப்படிப் பார்ப்பார்கள்? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிள்ளை பெற்றவளை வைக்கிற மாதிரி வைத்தார். புறாப்பூ மங்குகளை எல்லாம் சமையல்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பாக மாட்டினார். ஜன்னலை அடைத்துச் சாக்குத் தொங்கவிட்டார். வெதுவெதுப்பான தண்ணீர்தான் ஊற்றினார். செவ்வாய் வெள்ளியில் சாம்பிராணிப் புகை போட்டார். மழை இருட்டிக்கொண்டு வந்தால் ஆபீசிலிருந்து ஓடி வந்து, ஒரு சாரல்கூடப் படாமல் கதவைச் சாத்துவார். சிரிக்காதீர்கள். ஆத்தாளை மழைக்குப் பறிகொடுத்த பிள்ளை வேறென்ன செய்யும்?

அந்தப் பூவுக்கோ வேண்டியது அந்த மழைதான். வெயிலில் காய்ந்து கிடக்கும்போது திடீரென்று பெருமழை அடித்து, உடம்பு சில்லிட்டால்தான் அந்த மொட்டு விழிக்கும். அதனால்தான் ஒரே மழையில் நனைந்த மரத்துச் செடியெல்லாம் ஒரே நாளில் பூக்கின்றன. கிராணி குளிரே காட்டாமல் வளர்த்தார், மொட்டு தூங்கிக்கொண்டே இருந்தது. இது அப்போது அவருக்கும் தெரியாது, அவருக்குச் சொல்ல அந்த வீட்டுக்குள் வந்தவரும் கிடையாது.

ஒரு வருசம் கடும் வெயில். கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. அப்புறம் ஒருநாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் சூறைக்காற்று கிளம்பியது. கிராணி ஆபீசில் மாட்டிக்கொண்டார். வெளியே கால் வைக்க முடியாத மழை. ஓய்ந்து ஓடி வந்து பார்த்தால் சமையல்கட்டின் மேலிருந்த தகரம் பறந்துபோய் வாழைத்தோப்பில் கிடக்கிறது. அடுப்பில் தண்ணீர் நிற்கிறது. புறாப்பூ மங்குகள் எல்லாம் வழிய வழிய நிரம்பி, செடிகள் கிடுகிடுவென்று நடுங்குகிற மாதிரி அவருக்குத் தோன்றியது.

"ஐயோ, போச்சே! எல்லாம் போச்சே!"

வேட்டி நுனியால் ஒவ்வொரு தண்டாகத் துடைத்தார். தொட்டால் சில்லென்று இருந்தது. நனைந்த விறகில் அடுப்பும் பற்றவில்லை. அந்த ஈரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார் மனுசன். அழுதது செடிக்காகவா, ஆத்தாளுக்காகவா, தனக்காகவா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. தச்சர் வேறெங்கோ வேலையில் இருந்ததால் தகரம் உடனே ஏறவுமில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். விடியலில் தப்புச் சத்தத்துக்கு முன்பே கிராணிக்கு விழிப்பு வந்துவிட்டது. வீடெல்லாம் வாசம். லாந்தரைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார். எல்லா மங்கிலும் பூ. ஒரு தண்டு பாக்கியில்லாமல் வெள்ளை வெளேரென்று பூத்துத் தள்ளியிருந்தது. "வந்துட்டியா, வந்துட்டியா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பிரட்டுக்கு ஏறக்குறைய ஓடினார். இன்று எப்படியும் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். பூ சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும்.

பாதி வழியிலேயே அவர் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பிரட்டுக் களத்துக்கு வந்தபோது கண்ணுக்கும் தெரிந்தது. களத்தோரத்து மரங்கள், ஆபீஸ் பக்கத்து மரங்கள், லயத்துக்குப் போகிற பாதை மரங்கள், எல்லாவற்றிலும் வெள்ளை. பெண்கள் அத்தனை பேர் தலையிலும் புறாப்பூ. வெள்ளையம்மா கொண்டையில் மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடவே இருந்தது. மரத்துக்கு மரம் கொட்டிக் கிடக்கிற பூவைப் பார்க்க எவள் கிராணி வீட்டுப் படியேறுவாள்?

சபாபதி பேர்ச் சீட்டைப் பிரித்தார். துரை வழக்கம்போல் கைத்தடியோடு நின்றார். பேர்கள் ஒவ்வொன்றாகப் போயின. அக்காவின் முறை வந்தது. இத்தனை வருசம் பாடுபட்டு வளர்த்த சாக்கு ஒரே காலையில் கையை விட்டுப் போய்விட்டது, இனி சாக்கு ஏதும் கைவசம் இல்லை. அவர் சீட்டை மடக்கிவிட்டார்.

"வெள்ளையம்மா அக்கா" என்றார்.

வெள்ளையம்மா பதில் சொல்லவில்லை. துரை திரும்பிப் பார்த்தார்.

"யாரது அக்கா?"

"எங்கூடப் பொறந்த அக்காங்க துரை."

"ஓ" என்றார் துரை. "அடுத்த பேர் கூப்பிடு."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. இந்த ஒரு 'ஓ'வுக்குப் பயந்தா இத்தனை காலத்தைப் பாழாக்கினேன் என்று சபாபதிக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் வெள்ளையம்மா வந்தாள். படிக்கட்டுக்குக் கீழே நிற்கவில்லை. மடமடவென்று ஏறி உள்ளே வந்து, தொங்குகிற வேர்களைக் கையால் விலக்கிக்கொண்டு நடு வீட்டில் நின்றாள். பூக்கள் அப்போதே துவண்டு தொங்க ஆரம்பித்திருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை.

"எதுக்குடா பிரட்டுல அப்படிக் கூப்புட்ட? வேல போயிருந்தா என்ன பண்ணுவ?"

சபாபதி தலையைக் குனிந்துகொண்டார். "நீ கோவிச்சுக்கிட்டு வரவே இல்லியேக்கா. மொத நாளு பிரட்டுல உன்னப் பேரச் சொல்லி அதட்டிட்டேன்ல."

"பேரச் சொன்னதுக்கா?" வெள்ளையம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அட கூறு கெட்டவனே! பிரட்டுல பேரச் சொல்லாம தாலாட்டா பாடுவாங்க? பேரு கூப்புடுற எடத்துல எந்தம்பி நிக்கணும்னுதானேடா உன்னப் படிக்க வெச்சேன். ஐயான்னு சொன்னேனே, அது கோவத்துலயா சொன்னேன்? பெருமையில சொன்னேன்டா."

சபாபதி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"அன்னிக்குச் சாயங்காலம் கருவாட்டுக் கொழம்பு வெச்சேன். எந்தம்பி கிராணி ஆயிட்டான், இன்னிக்கு நம்ம வீட்டுலதான் சாப்புடுவான்னு லயத்துப் பொம்பளைங்க கிட்டல்லாம் சொல்லிட்டேன். நீ வரல. மறுநாளும் ஒலை வெச்சேன். அதுக்கும் வரல. சட்டியக் கழுவிக் கவுத்தறப்ப பக்கத்து வீட்டுக்காரி கேட்டா, கிராணியாரு வந்தாரான்னு. அப்பலருந்துதான் எனக்கும் நீ கிராணியாரு. அப்புறமா வந்த, பிஸ்கட் டின்னத் தூக்கிக்கிட்டு. விருந்தாளிக்குச் சோடாதானடா குடுப்பாங்க?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறதைத் தம்பி பார்க்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, "நான் போறேன், சோறு ஒலையில கெடக்கு" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே இறங்கிப் போய்விட்டாள். வீடு மறுபடியும் அமைதியாகிவிட்டது. சித்தி, மாமன், கங்காணியார் என்று அத்தனை சொந்தமும் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்க, சபாபதி ஒண்டியாக நின்றார். இந்த வீட்டுக்குள் அக்கா வரவேண்டும், வரவேண்டும் என்றுதான் அத்தனை வருசமும் வாசலைப் பார்த்துக் கிடந்தார். அங்கே ஒருத்தி தன் வாசலைப் பார்த்துக் கிடந்திருக்கிறாள் என்று ஒருநாளாவது தோன்றியதா? தோன்றவில்லையே.

சப்பாத்தைத் தேடவில்லை. கதவைச் சாத்தவில்லை. வெறுங்காலோடு படியிறங்கி, செம்மண் பாதையில் லயத்தைப் பார்த்து நடந்தார். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் கிராணியைப் பார்த்து எழுந்தார்கள். அவர் நிற்கவில்லை. கடைசி வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, சாக்கு எதுவும் விரிக்கிறதற்கு முன் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சோறு போடுக்கா" என்றார்.

வெள்ளையம்மா அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "ஒருத்திக்குத்தான்டா பொங்குனேன்" என்றாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி.

இருந்த சோற்றை இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கைத் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினாள். மேலே புளிக்குழம்பை ஊற்றினாள். சபாபதி பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, குனிந்தபடியே மென்றார்.

"உப்புப் பத்தல" என்றார்.

"தின்னுட்டுப் பேசுடா" என்றாள் அக்கா.